பரணிலிருந்து இறங்கிய சாலிடேர்

கேள்வி: தாத்தா வாங்கிய, மரக் கதவு வைத்த 20 அங்குல சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவி இருபது வருஷமாகப் பரணில் கிடந்தது. நானே சரிசெய்ய ஆசை. பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா, ஐயா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: சொருகிவிடாதீர்கள் தம்பி! இத்தனை வருஷத்தில் ஃபில்டர் கண்டன்சர் (கரண்டைச் சேர்த்து வைத்துச் சீராக்கும் உருளை) கெட்டிருக்கும். எடுத்தவுடன் 230 வோல்ட் கொடுத்தால் ஃப்யூஸோடு போனால் அதிர்ஷ்டம்.

முதல் நாள் பின்மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், போதும். எலி கடித்த ஒயர், உப்பிய கண்டன்சர், எல்.ஓ.டி. காயிலின் (பிக்சர் டியூபுக்கு உயர் வோல்ட் தருவது) காலடியில் வட்டமாக வெடித்த சால்டர் எல்லாம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்து ஒரு சீரிஸ் போர்டு செய்யுங்கள்: 100 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் செட்டுக்குக் கரண்ட் போக வேண்டும். எல்ஈடி பல்பு இதற்கு ஆகாது. ஆன் செய்ததும் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம். மங்காமலே எரிந்தால் உள்ளே ஷார்ட். அணைத்து, பிளக்கை உருவி, ஃபில்டர் கண்டன்சரில் மிச்சமிருக்கும் கரண்டை 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு, டயோடையும், எல்.ஓ.டி.யை ஓட்டும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரையும் மீட்டரில் பாருங்கள்.

பல்பு இருக்கிறதென்று சேஸிஸை, அதாவது உள்ளேயிருக்கும் உலோகச் சட்டத்தை, தொடக் கூடாது. அந்தக் காலத்துச் செட்டுகள் பலவற்றில் சேஸிஸே மெயினோடு, அதாவது வீட்டுக் கரண்டோடு, நேராகச் சேர்ந்திருக்கும். செட்டை வீட்டு லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓடும் செட்டில் மீட்டர் வைக்காதீர்கள்.

ஒருமுறை ஆன் செய்துவிட்டால் பிக்சர் டியூபில் 15,000 வோல்ட் அளவுக்கு ஏறிவிடும். அணைத்தாலும் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். 1984இல் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் தொழில் பழகும்போது, அணைத்த செட்தானே என்று டியூபின் ரப்பர் மூடிக்கடியில் விரலை விட்டேன். ஷாக்கில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உதறிய கை டியூப் கழுத்தில் பட்டு, அது உடைந்து, உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. அந்த டியூபுக்கு நாலு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தக் கரண்டை இறக்க, நல்ல கைப்பிடியுள்ள நீள ஸ்க்ரூடிரைவரில் ஒயர் கட்டி, மறுமுனையை முதலில் டியூபின் கறுப்புப் பூச்சின் மேல் ஓடும் எர்த் கம்பியில் மாட்டிய பிறகே ஸ்க்ரூடிரைவர் முனையை மூடிக்கடியில் நுழைத்துத் தொடுங்கள். சேஸிஸில் மாட்டினால் டிரான்சிஸ்டர் போகும். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு தரம் செய்யுங்கள். மிச்சம் மறுபடி தலைதூக்கும். இன்னொரு கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். முதல் தடவை பழைய மெக்கானிக் யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது.

திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தால் செட் தேறிவிட்டது. பழைய டவர் ஒளிபரப்பு இப்போது இல்லை, படத்துக்கு, செட்-டாப் பாக்ஸ் படத்தைப் பழைய டிவி சேனலாக்கித் தரும் ஆர்.எஃப். மாடுலேட்டர் வேண்டும். ஆன்டெனா முனை தட்டை ஒயர் என்றால், வட்டக் கேபிளை அதோடு இணைக்கும் ஒரு பலூனும் சேர்த்துக் கேளுங்கள், காற்றடிக்கும் பலூன் அல்ல! சென்னை வந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடிப் பாருங்கள்.