ஆம்புலன்ஸில் ஏறுவதும் மருத்துவம்தான்

உங்கள் கவலை புரிகிறது, அம்மா. உங்கள் மகள் இரண்டு முறை நுழைவுத் தேர்வு எழுதியும் டாக்டர் சீட் கிடைக்கவில்லை. இன்னொரு முறை எழுதட்டும் என்கிறார் அவளுடைய அப்பா. கடன் வாங்கியாவது வெளிநாட்டில் சேர்த்துவிடலாம் என்கிறார் பெரியப்பா. அவளோ ஆம்புலன்ஸில் பணியாற்றும் பாராமெடிக் படிப்பைக் கேட்கிறாள். "ஸ்ட்ரெச்சர் தூக்கவா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று வீட்டில் தினமும் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆறுதல் சொல்லி அனுப்புகிற கட்டம் இது இல்லை. மூன்றாவது முயற்சி வேண்டாம். அவள் விரும்பாத படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கவே வேண்டாம். நர்சிங், ஃபார்மசி, லேப் பற்றியெல்லாம் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள், அதற்குள் நான் போகவில்லை. அவள் கேட்கிற வேலை என்னவென்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்கிறேன்.

பேச்சு குழறி, ஒரு கை தளர்ந்து ஒருவர் கிடக்கிறார். பார்ப்பவர்கள் பக்கவாதம் என்பார்கள். பாராமெடிக் உடனே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்ப்பார். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் இதே அறிகுறிகள் வரும், குளுக்கோஸ் கொடுத்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடலாம். சர்க்கரை சரியாக இருந்தால் அடுத்த கேள்வி: "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம் போதாது. மூளைக்குப் போகும் ரத்தத்தை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவான கெடு நாலரை மணி நேரம், அது நன்றாக இருந்த கடைசி நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. பதறி நிற்கும் வீட்டாரிடம் அந்த ஒரு பதிலைப் பொறுமையாகக் கேட்டு வாங்கி வராவிட்டால், ஆஸ்பத்திரியில் இருக்கும் நிபுணரும் தயங்கி நிற்க வேண்டியதாகிவிடும்.

இதயம் நின்றவருக்கு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவார்கள், ஏனென்றால் ஆழம் குறைவது களைத்தவருக்கே தெரியாது. மூச்சுக்குழாயில் குழாய் போட்டால், அது சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதை மானிட்டரில் ஓடும் கார்பன் டை ஆக்சைடு அலை காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் குறுகலான மாடிப்படியிலோ நடுரோட்டிலோ செய்ய வேண்டும்.

இந்தத் துறை தன் பழக்கங்களையே கேள்வி கேட்டு வளர்ந்திருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மூச்சுத்திணறல் என்றாலே ஆக்சிஜனை முழு வேகத்தில் திறந்துவிடுவது பழைய வழக்கம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு ரத்த ஆக்சிஜனை 88-92 சதவீதத்தில் நிறுத்தி அளந்து கொடுத்தால் இறப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று 2010-ல் வெளியான, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் நடந்த ஆய்வு காட்டியது. அது ஆம்புலன்ஸ் பாராமெடிக்குகளின் கையிலேயே நடந்த ஆய்வு. பிரிட்டனில் 8,000 பேருக்கு மேல் பங்கேற்று 2018-ல் வெளிவந்த ஆய்வில், இதயம் நின்றவர்களுக்கு இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்தைக் கொடுத்ததில் பிழைத்தவர்கள் சற்றுக் கூடினார்கள். மூளை பழுதில்லாமல் பிழைத்தவர்கள் குறிப்பிடும்படி கூடவில்லை. நாடித் துடிப்பு திரும்பினாலே போதுமா என்ற கேள்வியைப் படிக்கும்போதே எதிர்கொள்ள வேண்டிய தொழில் இது.

பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967-ல் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவையில், வேலைக்கே லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களுக்கு டாக்டர் பீட்டர் சஃபார் பயிற்சி வகுத்தார். அமெரிக்க பாராமெடிக் பயிற்சிக்கே முன்மாதிரியானவர்கள் அவர்கள்.

சிரமங்களை மறைக்க மாட்டேன். இரவு ஷிஃப்ட் உண்டு, முதுகுவலி உண்டு. ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போன அதே இரவில் அடுத்த அழைப்புக்கு ஓட வேண்டியிருக்கும். அதனால் சேர்வதற்கு முன் ஒரு முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்புங்கள், பணியில் இருக்கும் ஒருவரிடம் தனியாகப் பேச விடுங்கள். அதற்குப் பிறகும் அவள் இதையே கேட்டால், மறுக்க உங்களிடம் நியாயமான காரணம் எதுவும் இல்லை.

பணத்தில் மட்டும் கறாராக இருங்கள். தொடக்கச் சம்பளம் டாக்டர் சம்பளம் ஆகாது, அதில் மூன்றில் ஒரு பங்கைத் தவணை விழுங்கும் அளவுக்குக் கடன் வேண்டாம். கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். படிப்புக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா, ஆம்புலன்ஸில் எத்தனை மணி நேரப் பயிற்சி, அவசரப் பிரிவில் எத்தனை, கூட நின்று சொல்லிக்கொடுப்பது யார் என்று அவளே கேட்கட்டும். பொம்மையை வைத்து மட்டும் பயிற்சி என்றாலோ, மணிக்கணக்கை எழுத்தில் தரத் தயங்கினாலோ, முன்பணம் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.