அம்புக்குறி அடங்க மாட்டேன் என்கிறதா? மவுஸ், டச்பேட் கேள்வி–பதில்

(வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள். பதில்கள் விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்லப்பட்டுள்ளன.)

கேள்வி: ஆண்டர்சன் தெருக் கடையில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். புது மவுஸ் வந்ததிலிருந்து அம்புக்குறி பறக்கிறது. கோரல் டிராவில் ஒரு நோடை (கோட்டை வளைக்கப் பிடிக்கும் புள்ளியை) இழுத்தால், நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. வேகத்தைக் குறைத்தால் கை வலிக்கிறது. என்ன செய்யலாம்?
— டி.டி.பி. ஆபரேட்டர், பாரிமுனை

பதில்: முதலில் மவுஸையே பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு பட்டன் இருந்தால் அது டி.பி.ஐ. பட்டன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 800, 1600, 3200 என்று மாறிக்கொண்டே போகும். கை தவறிப் பட்டாலும் மாறிவிடும். 1000 டி.பி.ஐ. என்றால், மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தும்போது அது கம்ப்யூட்டருக்கு 1000 எண்ணிக்கை அனுப்புகிறது என்று பொருள். உங்கள் திரையின் அகலம் 1920 புள்ளி (பிக்சல்) என்றால், இரண்டு அங்குலத்துக்குள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடும். 3200 வைத்தால் முக்கால் அங்குலம்கூடத் தேவையில்லை. நோடு பிடிக்கும் வேலைக்கு அது ஒத்துவராது. 800-க்கும் 1200-க்கும் இடையில் வையுங்கள்.

அடுத்தது விண்டோஸ். செட்டிங்ஸ் → புளூடூத் அண்ட் டிவைசஸ் → மவுஸ் → அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ் என்று போனால் பழைய சிறிய பெட்டி ஒன்று திறக்கும். அதில் 'பாயின்டர் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் இருக்கும் வேகக் கோட்டில் 11 படிகள். நடுவில் உள்ள ஆறாவது படியில்தான் மவுஸ் அனுப்பும் ஓர் எண்ணிக்கைக்குத் திரையில் சரியாக ஒரு புள்ளி. அதற்கு மேல் தள்ளினால் விண்டோஸ் பெருக்கிப் போடும். இடையில் உள்ள சில புள்ளிகளில் அம்புக்குறியை நிறுத்தவே முடியாது. ஆகவே வேகம் போதவில்லை என்றால் கோட்டைத் தொடாமல் டி.பி.ஐ.யை ஒரு படி ஏற்றுங்கள். கை வலியும் குறையும், நுணுக்கமும் கெடாது.

அதே பக்கத்தில் கோட்டுக்குக் கீழே 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, அதே ஓர் அங்குலத்தை நீங்கள் வேகமாக நகர்த்தினால் அம்புக்குறி அதிக தூரம் போகும், மெதுவாக நகர்த்தினால் குறைந்த தூரம் போகும். பில் போடுபவர்களுக்கு, இணையம் பார்ப்பவர்களுக்கு இது வசதிதான்; இருக்கட்டும். முடி அளவுக்குக் கணக்குப் பார்க்கும் உங்கள் வேலையில், இவ்வளவு நகர்த்தினால் இவ்வளவு போகும் என்ற பழக்கம் கைக்கு வரவே விடாது. எடுத்தபின் சில நாள் மந்தமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். அம்புக்குறி சரியாகப் போயும் நோடு மட்டும் வழிகாட்டிக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்கிறதா? அது மவுஸின் கோளாறு அல்ல. கோரல் டிராவின் வியூ மெனுவில் 'ஸ்னாப் டு' ஆன் ஆகியிருக்கும். கடைசி நகர்த்தலுக்குக் கீபோர்டு அம்பு விசைகளே மேல். எதையும் தேர்வு செய்யாதபோது மேல்பட்டையில் தெரியும் 'நட்ஜ் டிஸ்டன்ஸ்' கட்டத்தில் 0.1 மில்லிமீட்டர் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு தட்டலுக்கும் அவ்வளவுதான் நகரும்.

கேள்வி: எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் பில்லிங். ஒரு தடவை கிளிக் செய்தால் ஒரே சேலை இரண்டு தடவை ஏறிவிடுகிறது. டபுள் கிளிக் வேகத்தை மாற்றியும் பயனில்லை.
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: செட்டிங்கை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது என்றே தோன்றுகிறது. இடது பட்டனுக்கு அடியில் உள்ள மைக்ரோ சுவிட்சில் மெல்லிய செம்புத் தகடு ஒன்று இருக்கிறது. தேய்ந்து போனாலோ களிம்பு பிடித்தாலோ, ஓர் அழுத்தலுக்கு அது இரண்டு மூன்று தடவை தொட்டு விடும். கம்ப்யூட்டருக்கு அது டபுள் கிளிக். பிடித்து இழுக்கும்போது ஃபைல் பாதி வழியில் கை நழுவி விழுவதும் இதே கோளாறுதான்.

உறுதி செய்ய ஒரு வழி: செட்டிங்ஸ் → புளூடூத் அண்ட் டிவைசஸ் → மவுஸ் என்று போய், 'பிரைமரி மவுஸ் பட்டன்' என்பதை 'ரைட்' ஆக்குங்கள். மாற்றிய அந்தக் கணத்திலிருந்தே வலது பட்டன்தான் கிளிக் ஆகும், குழம்ப வேண்டாம். அரை மணி நேரம் அப்படியே பில் போடுங்கள். இரட்டைப் பதிவு நின்றுவிட்டால் இடது சுவிட்ச் போய்விட்டது என்று அர்த்தம். நிற்கவில்லை என்றால் பில்லிங் சாஃப்ட்வேர் ஆளைக் கூப்பிடுங்கள்.

மூன்று கால் கொண்ட அந்தச் சுவிட்ச் ரிச்சி தெருவில் தனியாகக் கிடைக்கும். சால்டரிங் தெரிந்தவர் மாற்றித் தருவார். விலை கூடிய மவுஸ் என்றால் மாற்றுங்கள். சாதாரண மவுஸ் என்றால் கூலி கொடுப்பதற்குப் புதிதே வாங்கிவிடலாம்.

கேள்வி: லேப்டாப்பில் சார்ஜர் போட்டால் டச்பேட் பைத்தியம் பிடித்தது போல் குதிக்கிறது. கழற்றினால் ஒழுங்காகிவிடுகிறது. டிரைவர் போட்டுப் பார்த்தாகிவிட்டது.
— கல்லூரி மாணவர், திருவொற்றியூர்

பதில்: டிரைவரை விடுங்கள்; பிளக் பாயின்டைப் பாருங்கள். விரல் படும்போது ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றத்தை அளந்துதான் டச்பேட் வேலை செய்கிறது. எர்த் இல்லாத பாயின்டில் சார்ஜரைப் போட்டால், அதிலிருந்து கசியும் மின் இரைச்சல் போக வழியில்லாமல் லேப்டாப்பிலேயே தங்கும். டச்பேட் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா? உலோக உடம்பைத் தடவினால் லேசாக விறுவிறு என்கிறதா? அப்படியென்றால் எர்த் இல்லை.

கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேராக மூன்று பின் பாயின்டில் போடுங்கள். அப்போதும் குதித்தால், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் உப்புக் காற்றுக்கு எர்த் இணைப்பு துருப்பிடித்து விட்டுப்போவது உண்டு. டச்பேடுக்காக மட்டும் சொல்லவில்லை. எர்த் இல்லாத வீட்டில் கிரைண்டரும் வாட்டர் ஹீட்டரும் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். எர்த் சரியாக இருந்தும் குதித்தால், அதே மாடலுக்கான ஒரிஜினல் சார்ஜரை வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 74. கை நடுங்குவதால் டபுள் கிளிக் விழுவதில்லை. அம்புக்குறி எங்கே என்றும் தேடுகிறார்.
— வாசகர், பெரம்பூர்

பதில்: இரண்டு கிளிக்குக்கும் நடுவில் மவுஸ் சில புள்ளிகள் நகர்ந்தாலே விண்டோஸ் அதை டபுள் கிளிக்காக ஏற்காது. அதனால் வேகத்தைக் குறைப்பது மட்டும் நடுங்கும் கைக்குப் போதாது. டபுள் கிளிக்கே தேவைப்படாமல் செய்துவிடுங்கள்: ஃபைல் எக்ஸ்புளோரரில் மூன்று புள்ளி → ஆப்ஷன்ஸ் → 'சிங்கிள் கிளிக் டு ஓபன் அன் ஐட்டம்'. இனி ஒரே கிளிக்கில் திறக்கும்.

அம்புக்குறிக்கு, செட்டிங்ஸ் → ஆக்செசிபிலிட்டி → 'மவுஸ் பாயின்டர் அண்ட் டச்' பக்கத்தில் அளவு 1 முதல் 15 வரை இருக்கிறது; 4 அல்லது 5 வைத்து, பளிச்சென்ற மஞ்சளோ பச்சையோ கொடுங்கள். முன்பு சொன்ன 'பாயின்டர் ஆப்ஷன்ஸ்' பக்கத்தின் அடியில் கன்ட்ரோல் விசைக்கான டிக்கையும் போடுங்கள். அந்த விசையைத் தட்டினால் அம்புக்குறியைச் சுற்றி வட்டம் தோன்றிக் காட்டிக் கொடுக்கும். இந்த மாற்றங்கள் அந்தந்த யூசர் கணக்கோடு நிற்பவை. அப்பாவுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தால் வீட்டில் மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

கேள்வி: லேப்டாப்பில் டைப் அடிக்கும்போது கர்சர் திடீரென்று வேறு வரிக்குத் தாவுகிறது.
— ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: உள்ளங்கை டச்பேடில் படுகிறது. செட்டிங்ஸ் → புளூடூத் அண்ட் டிவைசஸ் → டச்பேட் → டாப்ஸ் பகுதியில் சென்சிட்டிவிட்டியை 'லோ' ஆக்குங்கள். தனி மவுஸ் வைத்திருந்தால், அதே டச்பேட் பக்கத்தில் மேலே 'லீவ் டச்பேட் ஆன் வென் எ மவுஸ் இஸ் கனெக்டட்' டிக்கை எடுத்துவிடுங்கள். மவுஸைச் செருகியதும் டச்பேட் தானே அணையும், உருவியதும் திரும்ப வரும்.

கேள்வி: வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது. பேட்டரி புதுசு.
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மவுஸின் சிக்னலை வாங்கும் சின்ன யு.எஸ்.பி. துண்டான ரிசீவரைக் கேபினட்டின் பின்னால் நீல நிற யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் போட்டிருக்கிறீர்களா? அந்த போர்ட்டும், அதில் ஓடும் ஹார்டு டிஸ்கும் கிளப்பும் இரைச்சல், மவுஸ் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. முன்பக்கக் கறுப்பு போர்ட்டுக்கு மாற்றுங்கள். அது இல்லை என்றால் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி, ரிசீவரை மேஜை மேல் மவுஸுக்கு அருகில் கொண்டு வாருங்கள்.

கேள்வி: எங்கள் நகைக் கடைக் கவுன்டரில் மவுஸ் நகரவே இல்லை. வீட்டில் அதே மவுஸ் நன்றாக ஓடுகிறது.
— வாசகர், மின்ட்

பதில்: கவுன்டர் மேல்பாகம் கண்ணாடிதானே? மவுஸின் அடியில் உள்ள சென்சார், தரையை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, படத்துக்குப் படம் என்ன மாறியது என்று ஒப்பிட்டுத்தான் நகர்வைக் கண்டுபிடிக்கிறது. வெறும் கண்ணாடியில் ஒப்பிட ஒன்றுமே இல்லை. துணி மவுஸ் பேட் போடுங்கள். இன்றைக்கே ஓட வேண்டும் என்றால் ஒரு வெள்ளைத்தாளை நான்கு மூலையும் டேப் ஒட்டி வைத்தால் போதும்.