கவ்வாத்துக் கத்திக்கும் ஒரு நாள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மே மாதம் குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி, குன்னூரில் இறங்கி, கோத்தகிரியில் மூன்று நாள் தங்கினோம். ரயிலில் மணி பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டாம் நாள் முழுக்க மழை. பிள்ளைகள் கேரம் ஆடினார்கள், மாமியார் போர்வைக்குள் படுத்துவிட்டார். எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. விடுதி ரூமைப் பெருக்கினேன், துணி துவைத்தேன், கடைசியில் லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் பில்களைப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்தால் ஏதோ தப்புச் செய்கிற மாதிரி நெஞ்சு உறுத்துகிறது. ஆயுத பூஜை லீவுக்கும் கோத்தகிரிதான் வருகிறோம். இந்த முறையாவது நிம்மதியாக இருக்க வழி சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருப்பூர்

பதில்: விடுதி ரூமைப் பெருக்கினேன் என்ற வரியைப் படித்ததும் 40 வருஷத்துக்கு முந்தைய ஒரு விளக்குமாறு என் நினைவுக்கு வந்தது.

எங்கள் குடும்பம் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியேறியது. அம்மா கொழுந்து பறித்தார். நான் படித்து டீச்சரானேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மே மாத லீவுக்கு, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா விடிந்ததும் இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணியைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிவிடுவார். நான் வாசலில் நாற்காலி போட்டு வாரப் பத்திரிகை படிப்பேன். சாயங்காலம் அவர் வரும் சத்தம் கேட்டதும் பத்திரிகையை ஒளித்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துவிடுவேன். பெருக்கின வாசலையே பெருக்குவேன். நாலாவது நாள் அம்மா கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே சொன்னார்: "நீ உக்காந்திருக்கிறதப் பாக்கணும்னுதான் உன்னப் படிக்க வச்சேன். வெளக்குமாத்தக் கீழ போடு."

இன்னொருத்தி உழைக்கும்போது நான் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்துவிடுவாளே என்றுதான் அத்தனை நாளும் பயந்திருக்கிறேன். உங்களையும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாமியாராக இருக்க முடியாது, அவர் தூங்கிவிட்டார். "பொம்பளப் புள்ள சும்மா உக்காராதே" என்று எப்போதோ வீட்டில் கேட்ட குரலாக இருக்கலாம். யாருடைய குரல் என்று கண்டுபிடியுங்கள். அவர் இருந்தால் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். என் அம்மா சொன்னதையே அவரும் சொல்லக்கூடும்.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 20 நாள் வேலைக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு என்று வைத்தது. அந்த ஒரு நாளுக்கான உழைப்பு ஏற்கெனவே வரவு வைத்தாகிவிட்டது. உங்கள் லீவும் அப்படித்தான். அதற்கு இன்னொரு தரம் உழைத்துக் கட்டாதீர்கள்.

தோட்டத்தில் நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள், அதாவது கிளைகளை நறுக்கிவிடுவார்கள். அதற்கு முன் வேரை நறுக்கி அயோடின் தடவிப் பார்ப்பதுண்டு. மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகும். போதாவிட்டால் சில வாரம் கொழுந்து கிள்ளாமல் செடியைச் சும்மா விடுவார்கள். வெட்டிய பிறகும் மறுபடி கொழுந்து எடுக்க மூன்று மாதம் போல ஆகும். அதுவரை அந்தச் சரிவு வெறும் குச்சியாக நிற்கும். செடி பட்டுப்போச்சா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.

இதைச் சொல்லி, ஓய்வெடுத்தால் பிறகு இன்னும் நன்றாக வேலை செய்யலாம் என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. செடியைச் சும்மா விடுவது பின்னால் கிள்ளுவதற்காக. உங்களையும் அந்தக் கணக்கில் வைத்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே திங்கட்கிழமைக்குத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள்.

அம்மா வேலையிலிருந்து நின்றபோது முழங்கால் தேய்ந்திருந்தது. வாசற்படியில் உட்கார வைத்தோம். எதிரே ரங்கசாமி மலை. பல வாரங்கள் அவர் விரல்கள் மடியிலிருந்த சேலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தன, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுக்கிற அதே கிள்ளு. நாங்கள் தடுக்கவில்லை. மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கிய ஒரு நாள் பார்த்தேன், கை அசையாமல் கிடந்தது. அம்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு அந்த நிம்மதி மூன்றே நாளில் வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள்.

நீங்கள் வரும்போதும் மழை இருக்கலாம். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். அதனால் பார்க்க வேண்டிய இடம் என்று பட்டியல் போடாமல், வெயில் தெரிந்தால் கோடநாடு காட்சிமுனை மட்டும் போய் வாருங்கள். மண் சரிந்து மலை ரயில் ஓடாமல் போனால் பஸ்ஸில் வாருங்கள். ஓடினால் இந்தத் தடவை கடிகாரத்தைப் பையில் போட்டுவிடுங்கள். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளத்தில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது, அவசரப்பட அதற்கு வழியில்லை. ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி நில்லுங்கள். அங்கே உங்களுக்குச் செய்ய ஒரு வேலையும் கிடையாது. பழகிக்கொள்ள நல்ல இடம்.

சாப்பாட்டை மெஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், டீயைக் கணவர் போடட்டும். நீங்கள் உட்கார்ந்து மாமியார் எழுந்து வேலை செய்தால் உறுத்தல் திரும்ப வரும். அந்த உறுத்தல் நியாயமானது, அதைப் போக்க என்னிடம் வழி கேட்காதீர்கள்.

எங்கள் லைனில் ஆயுத பூஜைக்குக் கவ்வாத்துக் கத்தியைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, கூடையோடு சாமி முன் வைப்போம். மறுநாள் வரை ஒருவரும் தொடமாட்டோம். இந்த வருஷம் எத்தனை செடி வெட்டினாய் என்று அந்தக் கத்தியை யாரும் கேட்டதில்லை. உங்கள் லேப்டாப்புக்கும் பொட்டு வைத்து, திருப்பூர் வீட்டுப் பூஜை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். விடுதிக்கு வந்ததும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, மலை தெரிகிற பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.