நந்தி மலைப் பக்கம் பிளெண்ட் ஒயின் ருசிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒயின் தோட்டங்களைப் பற்றியும், இரண்டு மூன்று திராட்சைகளைச் சேர்த்துச் செய்யும் பிளெண்ட் ஒயின்களைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே, கேட்டவரின் ஏரியாப் பெயரைப் போட்டுப் போகிறேன்.

அல்சூர்: அக்கா, ஒரே திராட்சையில் செய்வதுதானே நல்ல ஒயின்? கலக்கிறார்கள் என்றாலே மட்டமான சரக்கை மறைக்கத்தானே?

இல்லவே இல்லை. பிரான்ஸில் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின்கள் பெரும்பாலும் கலந்தவைதான்: கேபர்னே சாவின்யோன், மெர்லோ, கேபர்னே ஃபிராங்க். மெர்லோ முன்னாலேயே பழுத்துவிடும், கேபர்னே சாவின்யோன் (இனிமேல் சுருக்கமாகக் கேபர்னே) தாமதமாகப் பழுக்கும், அதனால் ஒரு வருஷம் மழை ஒன்றைக் கெடுத்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். ருசிக்கும் அது பொருந்திப் போனது, ஏனென்றால் கேபர்னேயின் முரட்டுத் துவர்ப்பை மெர்லோ மிருதுவாக்குகிறது. பொதுவாக ஒவ்வொரு திராட்சையையும் தனித்தனியாகப் புளிக்கவைத்து, அப்புறம் அளவுக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சேர்த்து ருசி பார்த்துத்தான் விகிதத்தை முடிவு செய்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒயின் செய்பவரின் நாக்குக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. இன்னொன்று, லேபிளில் ஒரே திராட்சையின் பெயர் இருந்தாலும் ஐரோப்பாவில் அது 85 சதவீதம் இருந்தால் போதும்.

கம்மனஹள்ளி: எங்கே போகலாம்?

முதல் தடவை என்றால் தொட்டபள்ளாப்பூர் பக்கம், நந்தி மலை அடிவாரத்தில் இருக்கும் குரோவர் ஜம்பா ஒயின் தோட்டம். கன்வல் குரோவர் 1988-ல் ஆரம்பித்தது. பிரெஞ்சு நிபுணர் மிஷெல் ரோலான் ஆலோசகராக இருந்திருக்கிறார். இவர்களுடைய லா ரிசர்வ் சிவப்பு, கேபர்னேயும் ஷிராஸ் என்கிற இன்னொரு சிவப்பு ஒயின் திராட்சையும் சேர்ந்த பிளெண்ட், இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பொருத்தமான பாட்டில். முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். ஞாயிறு விடியற்காலை நந்தி மலையில் சூரிய உதயம் பார்க்கப் போகிற கூட்டத்தில் மாட்டாமல், வார நாளாகப் பார்த்துப் போவது நல்லது.

இந்திராநகர்: டேஸ்டிங் ரூமில் ஊற்றித் தருகிறார்கள், குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். பிளெண்டை எப்படி ருசிப்பது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பிளெண்டை மட்டும் குடித்தால் அதில் என்ன நடந்திருக்கிறது என்று பிடிபடாது. அதனால் ஊற்றுகிறவரிடம் கேளுங்கள்: "கேபர்னே தனியாகவும் ஷிராஸ் தனியாகவும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்குமா, கடைசியில் பிளெண்ட் தருகிறீர்களா?" கூடுதலாகப் பணம் கேட்டாலும் கொடுங்கள். கேபர்னேயில் துவர்ப்பு ஈறுகளில் பிடிக்கும், சில சமயம் குடைமிளகாய் வாசம் வரும். ஷிராஸில் மிளகு வாசம் தெரியும், அது கற்பனை இல்லை, நம் மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்கிற பொருளே ஷிராஸ் தோலிலும் இருக்கிறது. இப்போது பிளெண்டை எடுத்து வாயில் சில விநாடி வைத்துக்கொண்டு, துவர்ப்பு எப்போது ஆரம்பிக்கிறது, எங்கே அடங்குகிறது, விழுங்கிய பிறகு எது மிஞ்சுகிறது என்று கவனியுங்கள். கிளாஸில் மிச்சம் இருப்பதை நீங்களே கலந்தும் பாருங்கள். முதலில் கேபர்னே 7 பங்கு, ஷிராஸ் 3 பங்கு, பிறகு தலைகீழாக. இரண்டும் வேறு வேறு ஒயின் மாதிரி இருக்கும். அந்த வருஷத்து விகிதம் என்ன என்றும் கேளுங்கள், அறுவடையைப் பொறுத்து அது மாறக்கூடியது.

ஜெயநகர்: ருசி பார்த்துவிட்டு ஒயினைத் துப்பினால் தப்பாக நினைப்பார்களா?

மாட்டார்கள். துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

ஒயிட்ஃபீல்ட்: துப்பிவிட்டால் நானே வண்டி ஓட்டலாமா?

வேண்டாம் தம்பி. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், ஐந்தாறு ஒயினில் அது சேர்ந்துகொண்டே போகும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஜெயிலோ இரண்டுமோ வரலாம். அதைவிட, திரும்பி வருவது பல்லாரி ரோடு, ஏர்போர்ட் வண்டிகள் எந்த வேகத்தில் வரும் என்று உங்களுக்கே தெரியும். டாக்ஸி பிடியுங்கள்.

ஹெப்பால்: எந்த மாதம் போனால் தோட்டத்தில் பழம் பார்க்கலாம்?

பிப்ரவரி, மார்ச். இங்கே கொடி உறங்குகிற அளவுக்குக் குளிர் கிடையாது, அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்து, மழை ஓய்ந்த பிறகு காய்க்க வைக்கிறார்கள். ஜூலையில் போனால் இலைதான் இருக்கும்.

சிவாஜிநகர்: நம் ஊர் பெங்களூர் நீலத் திராட்சையில்தான் இதையெல்லாம் செய்கிறார்களா?

இல்லை. அது லாப்ரஸ்கா என்கிற அமெரிக்கத் திராட்சை வகை, சாப்பிடவும் ஜூஸுக்கும் அருமை, இனிப்பான போர்ட் ஒயினுக்கும் போகிறது. கேபர்னே, ஷிராஸ் எல்லாம் வினிஃபெரா என்கிற ஐரோப்பிய ஒயின் திராட்சை வகை.

கோரமங்களா: ஒரு பாட்டில் வாங்கி வந்தால் வீட்டு மட்டன் சுக்காவோடு சரிவருமா அக்கா?

ஷிராஸ் தூக்கலான பிளெண்டாக வாங்குங்கள், மிளகுக்குப் பொருந்தும். காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் ஏற ஏற துவர்ப்பும் ஆல்கஹால் எரிச்சலும் கூடவே ஏறி, ஒயினின் பழ ருசி காணாமல் போய்விடும். ஏப்ரல் வெயிலில் அறையில் வைத்த சிவப்பு ஒயின் சூடாக இருக்கும், அதனால் திறப்பதற்கு முன் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மிஞ்சினால் மூடி அதே ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.