இன்வெர்ட்டர் சீலை உடைத்தது யார்?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். புதுச்சேரியில் ஒரு கடையில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினோம். இன்வெர்ட்டருக்கு 2 வருட வாரண்டி. எட்டாவது மாதமே, கரண்ட் போனதும் ஓவர்லோடு விளக்கு எரிந்து அணைந்துவிடுகிறது. கம்பெனி மெக்கானிக் இரண்டு தடவை வந்து சரிசெய்தார். மூன்றாம் தடவை, "சீல் உடைந்திருக்கிறது, வெளியாள் கை வைத்திருக்கிறார், வாரண்டி கிடையாது, 4,800 ரூபாய் கட்டுங்கள்" என்கிறார்கள். கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுகிறார். மாமியாருக்கு ராத்திரியில் நெபுலைசர் வைக்க வேண்டும். என்ன செய்வது? மெக்கானிக் செய்த வேலையை எழுதிக் கொடுத்த ஜாப் கார்டுகளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அந்த ஜாப் கார்டுகள்தான் உங்கள் வழக்கு. முதல் கார்டில் 'மாஸ்ஃபெட் மாற்றப்பட்டது' என்று மெக்கானிக் கையெழுத்தோடு இருக்கிறது. மாஸ்ஃபெட் என்பது மின்சாரத்தை ஸ்விட்ச் போலத் திறந்து மூடும் சிறு பாகம், உள்ளே போர்டில் இருப்பது. சீல் உள்ள மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றாமல் அதைத் தொடவே முடியாது. அப்படியானால் சீலை உடைத்தது அவர்கள் ஆள்தான். வெளியாள் திறந்தார் என்று சொல்பவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும். இரண்டு தடவை பார்த்தும் அதே பழுது திரும்புவது தனியாக ஒரு சேவைக் குறைபாடு.

பணம் கட்டாதீர்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டித் திறக்கவும் வேண்டாம். அவர் கை பட்டால் கம்பெனியின் பொய்க்கு நீங்களே உயிர் கொடுத்ததாகிவிடும். அப்படியே எடுத்து வைத்துவிட்டு, அந்த பேட்டரிக்குப் பொருந்துகிற இன்வெர்ட்டர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், ரசீதோடு. அந்த வாடகையையும் கேட்கலாம். 'தானே' புயலில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் நம்முடையது. மூச்சு வாங்கும் பெரியவர் இருக்கும் வீட்டில் இது ஆடம்பரப் பொருள் இல்லை. டாக்டர் சீட்டின் நகலையும் இணையுங்கள்.

வாரண்டி மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், அவர்கள் போனில் சொன்னதையே தேதி போட்டு மெயிலில் எழுதி "இதுதானே உங்கள் நிலை?" என்று அனுப்புங்கள். பிறகு கடைக்காரர், கம்பெனி இருவருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் விடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனிலும் பதிவு செய்யுங்கள். சில கம்பெனிகள் அதற்கே இறங்கி வருவதுண்டு.

வராவிட்டால் புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கடை புதுச்சேரியில் இருப்பது தடையில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இருவரையுமே எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் பழியை அவர்மேல் போட்டுத் தப்பப் பார்ப்பார்.

புது இன்வெர்ட்டர் அல்லது முழு விலை, வாடகைச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு: இவ்வளவு கேளுங்கள். லட்சங்களில் நஷ்டஈடு கேட்டால் நல்ல வழக்கே பேராசையாகத் தெரியும். பேட்டரியில் குறையில்லை என்றால் அதை மனுவில் இழுக்காதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினீர்களா என்று பேச்சைத் திருப்பிவிடுவார்கள்.

வாரண்டி மறுக்கப்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். பில், வாரண்டி கார்டு, ஜாப் கார்டுகளை இன்றே ஜெராக்ஸ் எடுங்கள். பில் தெர்மல் பேப்பராக இருந்தால் எழுத்து மங்கிவிடும்.