வங்கி எடுத்த வீட்டைக் காலி செய்து பூட்டும் தொழில்: கேள்வி பதில்

ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து பக்கம், 12 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். தவணை கட்ட முடியாமல் ஃபோர்குளோஷருக்கு (கடனுக்காக வீட்டை எடுத்து ஏலம் விடும் நடவடிக்கைக்கு) போன வீடுகளுக்குப் பூட்டு மாற்றுவது, உள்ளே கிடப்பதை அள்ளுவது, குளிரில் குழாய் வெடிக்காமல் காப்பது, புல் வெட்டுவது எல்லாம் இதில் அடக்கம். இங்கே ‘ப்ராப்பர்ட்டி பிரிசர்வேஷன்’ என்பார்கள். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, வங்கியே நேரடியாகக் கூப்பிட்டு வேலை தருமா? (டாலஸ்)

தராது தம்பி. கடன் கணக்கைப் பார்க்கும் நிறுவனம், நாடு முழுக்க வேலை எடுக்கும் பெரிய கம்பெனியிடம் கொடுக்கும். அது வட்டார ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும், அவர் நம்மிடம் தருவார். ஒவ்வொரு கையும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கைக்கு விடும். நான் முதல் இரண்டு வருடம் கடைசிக் கையாக இருந்தேன். ஒரு வட்டார ஒப்பந்தக்காரர் நான்கு மாத வேலைக்கான பணத்தைத் தராமல் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து யார் 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தாலும் அவரிடம் அடுத்த ஒர்க் ஆர்டர் எடுப்பதில்லை. நீங்களும் அப்படியே இருங்கள். சேரும்போது பொறுப்புக் காப்பீடும் (வேலையில் சேதம் வந்தால் ஈடு கட்டுவது), உங்கள் மேலும் ஆட்கள் மேலும் பின்னணிச் சரிபார்ப்பும் கேட்பார்கள். காப்பீட்டில் கை வைத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். சனி, ஞாயிறு மட்டும் செய்யலாமா? (நியூ ஜெர்சி)

கூடாது. உங்களுக்கு விசா எடுத்த முதலாளியிடம் மட்டும்தான் நீங்கள் வேலை செய்ய அனுமதி. சொந்தக் கம்பெனி என்றாலும், வார இறுதி என்றாலும் அது வேலைதான். மனைவிக்கு எச்-4 ஈஏடி (துணைவர் விசாவில் தரும் வேலை அனுமதி) இருந்தால் அவர் தொழில் நடத்தலாம். ஆனால் டிரெய்லரில் சாமான் ஏற்றுவது நீங்களாக இருக்கக்கூடாது. தொடங்குமுன் குடிவரவு வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

முதல் ஆர்டர் வந்திருக்கிறது, பூட்டு மாற்றும் வேலை. போய்ப் பார்த்தால் வீட்டில் சாமான் அப்படியே இருக்கிறது. என்ன செய்ய? (டெட்ராய்ட்)

நல்லவேளை கேட்டீர்கள். முதலில் வீடு காலியா என்று பாருங்கள். மின்சார மீட்டர் ஓடுகிறதா, தபால் பெட்டி நிறைந்திருக்கிறதா, பனியில் காலடித் தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஆள் இருக்கலாம் என்று துளி சந்தேகம் இருந்தாலும் பூட்டைத் தொடாமல் படம் எடுத்துவிட்டுத் திரும்புங்கள்.

ஏலம் முடியும்வரை அது இன்னும் கடன் வாங்கியவர்களின் வீடு. அதனால்தான் அந்தக் கட்டத்தில் முன்கதவை விட்டுவிட்டு, பின்கதவு ஒன்றுக்கு மட்டும் பூட்டு மாற்றச் சொல்வார்கள். வீட்டின் உரிமையாளர் தன் சாவியோடு வந்தால் உள்ளே போக முடிய வேண்டும். உள்ளே இருக்கும் ஒரு டம்ளரைக்கூட வெளியே எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஏலத்துக்குப் பிறகும் ஆள் இருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும், ஷெரிஃப் (வட்டாரக் காவல் அதிகாரி) தரப்பிலிருந்து ஆள் வர வேண்டும். வாடகைக்கு இருப்பவர் என்றால், 2009-ல் வந்து 2018-ல் நிரந்தரமாக்கப்பட்ட கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தது 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும்.

இது வெறும் நல்ல பிள்ளைத்தனம் இல்லை. ஆள் குடியிருக்கும் வீடுகளுக்குள் நுழைந்தார்கள், பூட்டை மாற்றினார்கள் என்று 2013-ல் இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) இந்தத் துறையின் பெரிய கம்பெனி ஒன்றின்மேல் வழக்குப் போட்டார். 2015-ல் அது 10 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. 2016-ல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், கடன் பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் ஃபோர்குளோஷர் முடியுமுன் கடன் கொடுத்தவர் பூட்டை மாற்ற முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநிலத்தில் என்ன என்று தெரியாமல் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள்.

குப்பையை ‘க்யூபிக் யார்டு’ கணக்கில் கேட்கிறார்கள். எப்படி அளப்பது? (கொலம்பஸ்)

ஒரு யார்டு மூன்று அடி. ஆகவே ஒரு க்யூபிக் யார்டு 27 கன அடி. உங்கள் டிரெய்லர் 12 அடி நீளம், 6 அடி அகலம், பக்கப்பலகை 4 அடி உயரம் என்றால் 288 கன அடி. 27-ஆல் வகுத்தால் பத்தரைக்குச் சற்று மேல். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றே இரண்டு க்யூபிக் யார்டைத் தாண்டும்.

ஆனால் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, படம் வேண்டும். காலி டிரெய்லர், பாதி நிறைந்தது, முழுதாக நிறைந்தது, ஒவ்வொரு அறையும் வேலைக்கு முன், வேலை நடுவில், வேலைக்குப் பின் என்று ஒரே இடத்தில் நின்று எடுத்தது, வீட்டு எண். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் முதுகு வலியைப் பார்க்க மாட்டார், படத்தைத்தான் பார்ப்பார். படம் இல்லாத 6 யார்டுக்கு எனக்கு ஒரு காசு வரவில்லை.

குளிர்கால வேலையை நானே கற்றுக்கொண்டு செய்யலாமா? (மினியாபொலிஸ்)

செய்யலாம் ஐயா, ஆனால் முதல் பத்து வீடாவது தெரிந்தவரோடு போங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும், செம்புக் குழாய் பிளந்துவிடும். முதலில் தண்ணீர் ஹீட்டரை அணையுங்கள், பிறகு மீட்டரில் தண்ணீரை மூடுங்கள். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு ஹீட்டரை வடிய விடுங்கள். அப்புறம் கம்ப்ரஸரை மாட்டி ஒவ்வொரு குழாயாக ஊத வேண்டும். முதலில் தண்ணீர் பீறிடும், பிறகு காற்றும் துளியுமாக இருமும், கடைசியில் வெறும் காற்று ‘உஸ்’ என்று வரும். அதுவரை விடக்கூடாது. பிறகு காற்றை அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, கழிப்பறையிலும் சிங்க் வளைகுழாய்களிலும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் (உறையாத திரவம்) ஊற்றி, டேப் ஒட்டி எச்சரிக்கைத் தாள் வையுங்கள். ரேடியேட்டர் சூடேற்றும் வீடு என்றால் அந்தச் சுற்றையும் தனியாக வடிக்க வேண்டும். அடித்தளத்தில் தண்ணீர் வெளியேற்றும் பம்ப் இருந்தால் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் போகும் குழாயை ஊத மறந்துவிட்டேன். வசந்தத்தில் தண்ணீரைத் திறந்தார்கள். வால்வு விரிசல் விட்டு, சமையலறைத் தரை முழுக்க ஊறிப்போயிற்று. அந்தச் செலவு முழுவதும் என்னுடையது.

ஜன்னலுக்கு ப்ளைவுட் அடிக்கலாமா?

ஒஹாயோவில் 2017 முதல், விரைவு ஃபோர்குளோஷரில் வரும் காலி வீடுகளுக்கு ப்ளைவுட் அடிக்கக்கூடாது. கண்ணாடிபோல ஊடே தெரியும் பாலிகார்பனேட் (கெட்டி பிளாஸ்டிக்) பலகைதான். எனக்கு இது பிடித்த மாற்றம். ப்ளைவுட் அடித்த வீடு, ‘இங்கே யாரும் இல்லை’ என்று தெருவுக்கே அறிவிக்கிறது.

பழைய ஃபிரிட்ஜ், பெயின்ட் டப்பா எல்லாம்?

மாதக்கணக்கில் கரன்ட் இல்லாத ஃபிரிட்ஜைத் திறக்கவே திறக்காதீர்கள். டேப் சுற்றி அப்படியே தூக்குங்கள். உள்ளிருக்கும் குளிர்பதன வாயுவை அனுமதி உள்ளவர்தான் எடுக்க வேண்டும். டயர், பெயின்ட், எண்ணெய் எல்லாம் தனிக் கணக்கு, தனிக் கட்டணம். பிட் (வேலைக்கான விலைப்புள்ளி) கொடுக்கும்போதே எண்ணி எழுதிவிடுங்கள். 1978-க்கு முன் கட்டிய வீட்டில் பெயின்டைச் சுரண்டவோ உடைக்கவோ வேண்டி வந்தால், ஈயப் பெயின்ட் விதிகள் வரும், அதற்குச் சான்றிதழ் வேண்டும்.

குடும்பப் படங்கள் கிடைத்தால் குப்பையில் போட்டுவிடுவீர்களா அண்ணா? மனசு வருமா? (சிகாகோவிலிருந்து ஒரு தங்கை)

வராதும்மா. ஆல்பம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், ராணுவப் பதக்கம், அஸ்திக் கலசம் எல்லாம் கண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருந்தார்கள். கடைசிக் கோடு, நான் போனதற்கு இரண்டு மாதம் முன்பு. இப்படிப்பட்டவற்றைத் தனிப் பெட்டியில் வைத்துப் படம் எடுத்து, ஆர்டர் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்பேன். பதில் வரும்வரை அள்ள மாட்டேன். துப்பாக்கி கிடைத்தால் தொடாமல் போலீஸுக்குப் போன்.

இப்போதும் வேலை இருக்கிறதா?

2010-ல் நாடெங்கும் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஃபோர்குளோஷர் நோட்டீஸ் போனது. அந்தக் காலம் இல்லை. 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜூலை வரை அரசு ஆதரவுக் கடன் உள்ள வீடுகளை ஃபோர்குளோஷர் செய்யத் தடை இருந்தபோது புல் வெட்டித்தான் சமாளித்தேன். இதை மட்டும் நம்பாமல், வாடகை வீடு காலி செய்வது, வீட்டு ஏஜென்டுகளுக்குச் சுத்தம் செய்வது என்று இரண்டாவது வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகலாமா?

வேண்டாம். தரை உளுத்திருக்கும், ஊசி கிடக்கும். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து கேஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். உள்ளே யாராவது ஒண்டியிருந்தால் வாக்குவாதம் வேண்டாம், காரில் ஏறிவிடுங்கள். ‘நுழைய முடியவில்லை’ என்று காரணத்தோடும் படத்தோடும் அன்றைக்கே அனுப்புங்கள். அதற்கு ட்ரிப் சார்ஜ் (போய் வந்ததற்கான கூலி) உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். இருந்தால் விடாமல் கேட்டு வாங்குங்கள்.