பையனைத் தூங்க விடுங்கள்

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். எந்த விவசாயி எத்தனை கிரேட் இறக்கினார், என்ன விலைக்குப் போனது, யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தேன் என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்வேன். பிளஸ் டூ படிக்கும் என் மகனோ இரவு பன்னிரண்டு மணி வரை படிக்கிறான், விடியற்காலை மூன்று மணிக்கு நான் எழுப்பிவிட்டதும் மறுபடி படிக்கிறான். அப்படியும் பரீட்சையில் பாதி மறந்துபோகிறது. ஞாபக சக்தி டானிக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். அவன் மூளையிலேயே ஏதாவது குறையா?
— ஒரு தந்தை, தருமபுரி மாவட்டம்

பதில்: மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் போய்ப் பாதியாவது எழுதுகிறானே, அதுவே பெரிய விஷயம். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு மணி முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. முதலில் அதைக் கொடுங்கள். மூளையைக் குறை சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படித்தது படித்த உடனே மூளையில் உறுதியாகிவிடாது. காதுகளுக்கு உள்வாட்டில், மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. புதிய பாடமோ புதிய முகமோ, முதலில் அதன் துணையில்தான் நிற்கும். நாம் தூங்கும்போது, பகலில் சேர்ந்து இயங்கிய நரம்புச் செல்கள் மறுபடி சேர்ந்து இயங்குகின்றன. ஓடித் திரிந்த எலிகள் தூங்கும்போது அவற்றின் ஹிப்போகாம்பஸில் இப்படி நடப்பதை 1994-இல் அளந்தே காட்டினார்கள். இரவு இரவாக இது நடந்து, நினைவு மெல்ல மூளையின் மேலடுக்கில் பரவி நிலைக்கிறது. தூக்கத்தில் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகும். ஓர் இரவில் நான்கைந்து சுற்று வர வேண்டும். உங்கள் மகனுக்கு இரண்டுதான் கிடைக்கிறது. மூன்று மணிக்கு அவனை எழுப்பும்போது, முதல் நாள் படித்தது பதியும் வேலையை நீங்களே பாதியில் நிறுத்துகிறீர்கள்.

டானிக் விஷயத்துக்கு வருகிறேன். ஞாபக சக்தி என்று ஒரே சரக்கு மூளையில் இல்லை, ஊற்றி நிரப்புவதற்கு. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில் மூளை அறுவை சிகிச்சை செய்தார்கள். ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி இரண்டு பக்கமும் போய்விட்டது. அதன் பிறகு, 2008-இல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்தவரை அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் சிறுவயது நினைவுகள் இருந்தன. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை மொலைசனுக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு முறையும், இதற்கு முன் இதைச் செய்ததே இல்லை என்றுதான் சொன்னார். நடந்ததை நினைப்பதற்கு ஒரு வழி, கைப்பழக்கத்துக்கு வேறொரு வழி. இதில் எதற்கு அந்த டானிக்? வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுங்கள், நல்ல சாப்பாடு. தூக்கத்துக்கு ஈடாக எதுவும் பாட்டிலில் வராது.

சரி, உங்களுக்கு மட்டும் எப்படி அத்தனை கணக்கு நிற்கிறது? மண்டியில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விவசாயி கேட்கிறார், வியாபாரி கேட்கிறார், லாரிக்காரர் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் நீங்கள் மனதிலிருந்து எடுத்துச் சொல்கிறீர்கள். அப்படி எடுக்க எடுக்கத்தான் நினைவு உறுதிப்படும். உங்கள் மகனை யாரும் கேட்பதில்லை. அதே பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறான். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொன்றை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்ததே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்து, இரண்டு முறை படித்ததில் 42 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம். உங்கள் மகன் இரவில் "எல்லாம் தெரியும்" என்று சொல்வது பொய்யில்லை. அந்த ஐந்து நிமிடத் தெளிவை நம்பித்தான் பரீட்சைக்குப் போகிறான்.

இரவு பத்து மணிக்குப் படுக்கட்டும், காலை ஆறு மணிக்கு எழட்டும். ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நினைவுக்கு வருவதை வெற்றுத்தாளில் எழுதட்டும். விட்டுப்போனதை மட்டும் திரும்பப் படிக்கட்டும். மறுநாள் ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை, பார்க்காமல் எழுதட்டும். மண்டி வேலை முடிந்து வந்ததும் நீங்களே நாலு கேள்வி கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள். பயம் வந்தால் தெரிந்ததும் வாய்க்கு வராது. அவன் மூளையில் குறையா என்று அவன் காதுபடப் பேசியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

நன்றாகத் தூங்கியும் பகலெல்லாம் சோர்ந்தே இருக்கிறான், பேச்சின் நடுவே சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு எதுவும் தெரியாமல் தொடர்கிறான் என்றால் மட்டும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ரத்தசோகையும் சிலவகை வலிப்பும் அப்படித் தெரியலாம், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.